உள்பையில் ஒரு மாற்றுப் பற்றரி

பிலேந்திரனுக்கு முன்னால் டோர்ச் லைற்றைப் பற்றி வாயைத் திறந்தவன் தொலைந்தான். "இது எவ்வளவு தூரம் அடிக்கும் அண்ணை?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பான். பிறகு முக்கால் மணித்தியாலம் ஆள் கதிரையை விட்டு எழும்ப வழியிருக்காது. தேத்தண்ணி ஆறிவிடும், பெண்சாதி இரண்டு தரம் போன் எடுத்துவிடுவாள், பிலேந்திரன் அப்போதுதான் பற்றரிக்குள் என்ன இருக்கிறது என்ற இடத்துக்கு வந்திருப்பார்.

ஒஸ்லோ நகரத்து நடுவில் நிலத்துக்குக் கீழே மூன்று தட்டில் ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே பகல் காவல் அவருக்கு. பத்தொன்பது வருடமாக அதே வேலை. இடுப்பில் தொங்குகிற டோர்ச் சாமான்யப்பட்டதல்ல. ஒரு சாண் நீளம்தான், முகத்துக்கு நேரே அடித்தால் எருமையும் ஒரு அடி பின்னுக்கு வைக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் ரொம்சோசில் இருக்கிற அவர்களுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய துவாய் விரிபடும். டோர்ச்சின் வால் மூடியைத் திருகிக் கழற்றுவார். புரியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் பூசுவார், அதுவும் சிலிக்கோன் கிரீஸ்தான். பற்றரியை மீட்டரில் வைத்து எண்ணைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பார். அவருடைய பெண்சாதி யசிந்தா சாப்பாட்டுக் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றுதான் சாப்பிடவேண்டும்.

"லித்தியம் பற்றரி பிள்ளை மாதிரியப்பா," என்பார். "வயிறு முட்டத் தீத்தவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது. சார்ஜை எண்பதிலை நிப்பாட்டு, இருபதுக்குக் கீழை விடாதை. குளிர் எண்டால் அதுக்கு ஆகவே ஆகாது. மைனஸ் பதினைஞ்சிலை அரை உயிர்தான்."

அதனால்தான் மாற்றுப் பற்றரியை ஜாக்கெட்டின் இடது உள்பையில் வைத்திருந்தார், உடம்புச் சூட்டில் இருக்கட்டும் என்று. வெறுமனே வைக்கமாட்டார். இரண்டு பற்றரி கொள்ளுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள்தான். திறப்புக் கோர்வையோடும், அதுதான் சாவிக்கொத்தோடும், சில்லறையோடும் பற்றரியை ஒரு பைக்குள் போடுகிறவன் தன் மடியில் தானே நெருப்பு வைக்கிறான், இரும்பு இரண்டு முனையையும் தொட்டால் பற்றிவிடும் என்பார். யசிந்தா இதையெல்லாம் ஒரு முப்பது தரம் கேட்டிருப்பாள். முதல் பத்துத் தரத்துக்குப் பிறகு காதில் விழும், உள்ளே இறங்காது.

இப்போது அந்த எண்ணெய்ப் போத்தல் கதையையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது ஒன்றும் விளங்காது. மூன்று வருடத்துக்கு முதல் யசிந்தா ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தபோது ஆசீர்வதித்த எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்தாள். அதை அவருக்குத் தெரியாமல் யூனிபோம் பைக்குள் வைத்தாள். மூடி சரியில்லை. எண்ணெய் ஒழுகி, அதே பைக்குள் கிடந்த டோர்ச்சின் ரப்பர் வளையம் ஊதி, கண்ணாடி மங்கி, சாமான் பழுதாகிவிட்டது. வாழ்நாளில் குரல் உயர்த்தாத மனுசன் அன்றைக்கு வீடு அதிரக் கத்தினார். "என்ரை யூனிபோம் பைக்கை இனி ஒண்டும் வைக்கப்படாது. மாதாவே வந்தாலும் என்னைக் கேட்டிட்டுத்தான் ஏறவேணும்." யசிந்தா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இனி வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தாள்.

போன ஒக்டோபர் வரைக்கும் அந்தச் சத்தியம் அசையாமல் நின்றது. ஒக்டோபரில் அவரோடு வேலை செய்கிற ஒருவரை இரண்டாம் கீழ்த்தட்டில் வைத்து எவனோ இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். தலையில் பதினொரு தையல். அன்றோடு யசிந்தாவின் நித்திரை போயிற்று. அவர் வேலைக்குப் போய் வீட்டுக் கதவு திரும்பத் திறபடும் வரைக்கும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. இந்த ஜனவரி வந்ததும் அவளால் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலமை, அவர் குளியலறையில் முகம் மழிக்கிற நேரம் பார்த்து, பத்து மணி மட்டும் கோர்த்த குட்டிச் செபமாலை ஒன்றை எடுத்தாள். உருக்குச் சங்கிலி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பையில் சும்மா போட்டால் கையில் தட்டுப்படும், பிடிபட்டுவிடுவாள். உள்பையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. திறந்தாள். ஒரு பக்கம் பற்றரி, மற்றப் பக்கம் வெறும் பள்ளம். நெஞ்சுக்கு நேரே இப்படி ஒரு இடத்தை மாதாதான் காட்டினாள் என்று அந்த விசரி நினைத்தாள். வைத்து மூடினாள்.

அடுத்த வியாழக்கிழமை காலமை ஜாக்கெட்டைத் தூசு தட்டும்போது செபமாலை கீழ்ப்பையில் கையுறைகளோடு கிடந்தது. பெட்டியைத் திறக்கிறபோது விழுந்திருக்கும், மனுசன் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். மூடிய பெட்டிக்குள் இருந்தது எப்படி இன்னொரு பைக்கு நடந்து போகும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. இந்த முறை விழாமல் இருக்கச் சங்கிலியைப் பற்றரியைச் சுற்றி விட்டாள். மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பெருவிரலால் அமத்தினாள், டக்கென்று பூட்டிக்கொண்டது.

அன்றைக்கு மைனஸ் பதினேழு.

யசிந்தா ஒரு பார்னஹாகேயில், அதுதான் சின்னப் பிள்ளைகளுடைய பள்ளியில், சமையலறை வேலை செய்கிறாள். பதினொரு மணி போல வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. இளங்கோ.

இளங்கோ மதுரைக்காரன். பிலேந்திரன் வேலை செய்கிற காவல் கம்பனியில் சாமான் அறை அவன் பொறுப்பு. டோர்ச், வோக்கிடோக்கி, பற்றரி எல்லாம் அவன் கையால்தான் போகும். ஒவ்வொரு பற்றரியையும் சோதித்து, திகதி எழுதிய துண்டு ஒட்டித்தான் கொடுப்பான். பிலேந்திரனுக்கு ஏற்ற ஜோடி. இரண்டு பேரும் போனில் பற்றரி கதைக்கத் தொடங்கினால் விடியாது. இவர் பற்றரி என்பார், அவன் பேட்டரி என்பான், ஆளுக்கு ஆள் நக்கலடிப்பார்கள். பெண்சாதியும் எட்டு மாதக் குழந்தையுமாக யசிந்தாவின் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறான். வேலையில் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அது இந்த மாதக் கடைசியில் முடிந்தால் நிரந்தரம். அவனை அனுப்பிவிட விரும்பினால் கம்பனிக்கு இப்போது பெரிய காரணம் தேவையில்லை.

"அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்குச் சின்னதா ஒரு தீக்காயம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க கிளம்பி வாங்க."

சின்னது என்றான், பின்னால் கட்டில் தள்ளிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஆர் அடிச்சது?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் வந்தது.

"யாரும் அடிக்கல அண்ணி. கார் பார்க் வாசல்ல வெளிய நின்னப்ப, ஜாக்கெட் உள்பாக்கெட்டுல இருந்த பேட்டரி வெடிச்சிருச்சு. ஸ்பேர் பேட்டரி."

யசிந்தா கத்தியைப் பிடித்தபடியே நின்றாள். திறப்புக் கோர்வை, சில்லறை, மடியில் நெருப்பு என்று அவர் முப்பது தரம் சொன்னது அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கியது. கூட வேலை செய்கிற பெண் வந்து கத்தியை விரலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பொறுமையாகச் சொன்னார். இடது நெஞ்சில் உள்ளங்கை அளவுக்கு ஆழமான காயம். உள்ளே கம்பளிச் சட்டை போட்டிருந்ததால் தப்பினார், தோல் வைத்துத் தைக்க வேண்டிவரலாம், உயிருக்குப் பயமில்லை. பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"வலது கைதான் எனக்கு விளங்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றிப் பனியில் எறிந்திருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். பிறகும் எரிகிற அதற்குள் கையை விட்டிருக்கிறார். கேட்டால் சொல்கிறார் இல்லை."

பிலேந்திரன் கட்டிலில் சாம்பல் பூத்த முகத்தோடு கிடந்தார். வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணிப் பொதி. யசிந்தா கிட்டப் போனாள். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டிக்கை..."

"பற்றரி பழுது," என்றார் அவர் உடனே. "வேறை ஒண்டுமில்லை. நீ ஒண்டும் யோசியாதை."

அவள் திரும்ப வாயெடுக்க முதல் கதவு திறந்தது. கம்பனி மேலாளர் ஹில்டே. அவளுக்குப் பின்னால், பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், இளங்கோ. ஹில்டே நல்லபடியாக நலம் விசாரித்தாள். பிறகு கொப்பியை எடுத்தாள், எப்படி நடந்தது என்று கேட்டாள். பிலேந்திரன் நோர்வேஜிய மொழியில், நிதானமாக, சொல் பிசகாமல் சொன்னார்.

"செல்லில் உள்ளே கோளாறு. பெட்டிக்குள் சரியாகத்தான் வைத்திருந்தேன். எனக்குத் தந்ததே பழுதான செல்."

சொல்லும்போது அவர் பார்த்தது இளங்கோவின் முகத்தை.

இளங்கோ ஏதோ சொல்ல வந்து விழுங்கினான். ஹில்டே அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவு சரியாக மூடுபடவில்லை. விசாரணை முடியும் வரைக்கும் வேலைக்கு வரவேண்டாம், சாமான் அறைத் திறப்பைத் தந்துவிடு என்று அவள் சொல்வது கேட்டது. திறப்புக் கை மாறுகிற சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் எழும்பிப் போய் ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். யசிந்தா சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம் நாலரை, வெளியே இருட்டிவிட்டது. தாதி கொடுத்துவிட்ட பிளாஸ்டிக் பையில் அவருடைய உடுப்புகள் இருந்தன. ஜாக்கெட் இல்லை, அதைக் கம்பனி எடுத்துவிட்டது. சட்டையை எறிந்தாள். காற்சட்டையைத் தோய்க்கப் போடலாம் என்று பைகளைத் தட்டிப் பார்த்தாள். வலது பைக்குள் திசுத்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. விரித்தாள்.

செபமாலை. கரிக்கட்டை மாதிரிக் கிடந்தது. மணிகளின் மேல் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. சங்கிலியின் ஒரு பக்கத்தில் கருகிப் பிய்ந்த தோல் இருந்தது.

யசிந்தா சப்பாத்துத் தட்டின் மேலேயே இருந்துவிட்டாள். அப்படியென்றால் மனுசனுக்குத் தெரியும். நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஆட்கள் ஓடிவர முதல், நெருப்புக்குள் கையை விட்டு இதை எடுத்துப் பைக்குள் ஒளித்திருக்கிறார். இது அவளுடைய வேலை என்று ஒருத்தருக்கும் தெரியவரக்கூடாது என்று கையைக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது.

அப்படியென்றால் இளங்கோவின் முகத்தைப் பார்த்து அவர் சொன்னது?

முப்பத்தொரு வருடம் இந்த மனுசனோடு வாழ்ந்திருக்கிறாள். வேலை நேரத்தில் பத்து நிமிசம் கண்ணயர்ந்துவிட்டேன் என்று தன்னைப் பற்றித் தானே அறிக்கை எழுதிக் கொடுத்த ஆள். அதைச் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர் சிரிப்பார்கள். அந்த வாயா, செல் பழுது என்று கூசாமல் சொன்னது? நெருப்புப் பற்றிய செய்தியைக் கேட்டபோதுகூட அவளுக்கு இப்படி இருக்கவில்லை. விடியும் வரைக்கும் லைற்றை நூர்க்காமல் விழித்தே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலமை பொட்டலத்தை அவருடைய கட்டிலில் வைத்தாள்.

"இதை எங்கை எடுத்தனி?"

"உங்கடை காற்சட்டைப் பைக்கை."

பிலேந்திரன் கண்ணை மூடினார். "எறியிறதுக்கு நேரம் கிடைக்கேல்லை."

"பெட்டிக்கை இருக்கிறது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை. மேசையிலை வைச்சுத் திறக்கேக்கை பாத்தனான். முடிஞ்ச பற்றரியைப் போடத்தான் அந்த மற்றப் பள்ளம். அதுக்குள்ளை இது கிடந்தது."

"அப்ப கீழ்ப்பைக்கை போட்டது..."

"நான்தான். சங்கிலியையும் பற்றரியையும் ஒரு பெட்டிக்கை விடேலாதப்பா. வெளியிலை எடுத்து வைச்சால் நீ கண்டிடுவாய். எண்ணெய்ப் போத்தலுக்கு மூண்டு நாள் பட்டினி கிடந்தனி. சரி, என்ரை பையிலை கிடந்திட்டுப் போகட்டும் எண்டு கையுறையோடை போட்டனான். மூண்டு நாள் அதோடைதான் வேலைக்குப் போனனான்."

"விழுந்திட்டுதெண்டு நினைச்சு நான் திருப்பி வைச்சிட்டன்."

"ஓம். வெடிச்ச பிறகுதான் எனக்கு அது விளங்கினது."

யசிந்தா தலையில் கை வைத்தாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இது வரைக்கும் நடந்ததை அவள் எப்படியும் தாங்கியிருப்பாள். கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"இளங்கோ?"

பிலேந்திரன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். "அவன் பெடியன். வயசிருக்கு. வேறை வேலை எடுப்பான். உன்ரை கையாலை நான் எரிஞ்சனான் எண்டு தெரிஞ்சால் நீ இனி ஒரு நாளும் நித்திரை கொள்ளமாட்டாய். எனக்கு அந்த நேரம் அது ஒண்டுதான் தெரிஞ்சுது."

"எனக்காகவோ?"

"உனக்காகத்தான்."

"என்னைக் கேட்டனியளே?" என்றாள் யசிந்தா. குரல் உயரவில்லை. உயராததுதான் அவருக்குப் பயமாக இருந்திருக்கவேண்டும், திரும்பிப் பார்த்தார். "நான் நித்திரை கொள்ளவேணும் எண்டு கைப்பிள்ளைக்காறன் ஒருத்தன்ரை சோத்திலை மண்ணள்ளிப் போட்டிட்டியள். நேற்று அவன் திறப்பைக் குடுத்த சத்தம் உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ? எனக்குக் கேட்டது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அந்தப் பாவம் என்ரை. மிச்சம் உங்கடை."

போனை எடுத்தாள்.

"ஆருக்கு?"

"ஹில்டேக்கு."

"யசிந்தா, போனை வை. நான் பொய் சொன்னது தெரிஞ்சால் என்ரை வேலை போம்."

"போகட்டும்."

இருபது வருடம் சமையலறையில் பழகிய நோர்வேஜிய மொழி அது. பாண், பால், கை கழுவு, அழாதே, இவ்வளவும்தான் அதில் சரளம். அதை வைத்துக்கொண்டு சொன்னாள். பற்றரிப் பெட்டிக்குள் நான் இரும்புச் சங்கிலி வைத்தேன். பற்றரி நல்லது. என் கணவருக்கு அது தெரியும், அவர் உங்களிடம் பொய் சொன்னார். அந்தச் சங்கிலி என்னிடம் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். இளங்கோவில் பிழை இல்லை. ஹில்டே மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னாள். கடைசியில், இளங்கோவை இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்கிறேன், திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரலாம், பிலேந்திரனைப் பற்றி நான் பிறகு அவரோடு கதைக்கவேண்டும் என்றாள்.

யசிந்தா அடுத்து இளங்கோவுக்கு எடுத்தாள். கணவர் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிக் கட்டிலில் வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மன்னிப்பு என்ற சொல்லுக்கு வந்தபோது இளங்கோ குறுக்கே பேசினான்.

"அண்ணி, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நேத்து பேட்டரி குடுக்க அங்க வந்திருந்தேன், நான்தான் முதல்ல ஓடிப் போனேன். எரியுற ஜாக்கெட்டுக்குள்ள கைய விட்டு மாலைய எடுத்தாரு. பாத்தேன். பேப்பரச் சுத்தி பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. வீட்டுல வச்சுவிட்டதுன்னு புரிஞ்சுபோச்சு."

பிலேந்திரன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப ஏன் ராசா நீ ஹில்டேக்குச் சொல்லேல்லை?" என்று யசிந்தா கேட்டாள்.

"அண்ணன் சொல்லுவாருன்னு இருந்தேன் அண்ணி. அவர் சொல்லாம நான் சொன்னா அவருக்கு அசிங்கம் இல்லையா? அதான் பேசாம நின்னேன்." பின்னால் குழந்தை சிணுங்கியது. "பொய் சொன்னதுகூடப் பரவால்ல. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாரு பாருங்க. சரி அண்ணி, வச்சிடுறேன்."

வைத்துவிட்டான்.

பிலேந்திரன் தூக்கிய தலையை இறக்கவில்லை.

"அவனுக்கு எடு. நான் கதைக்கவேணும்."

வலது கையில் கட்டு, இடது கையைத் தூக்கினால் நெஞ்சுக் காயம் இழுக்கும், போனைப் பிடிக்க முடியாது. யசிந்தா எண்ணை அமத்தி அவருடைய காதோடு வைத்துப் பிடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது, நின்றது. திரும்ப எடுத்தாள். அதுவும் நின்றது. மூன்றாம் முறை ஒரு மணி மட்டும் அடித்து அந்தப் பக்கத்திலிருந்தே துண்டிக்கப்பட்டது.

"வெட்டிப்போட்டான்," என்றாள்.

"திருப்பி எடு," என்றார் பிலேந்திரன்.